மறுமுனை அறை யார் கையில்: சாட்சியை வீடியோவில் விசாரிப்பதும் நேரில் விசாரிப்பதும்

மதுரைச் சித்திரைத் திருவிழா பார்க்க வந்த திருப்பூர்க்காரர் தல்லாகுளத்தில் ஒரு செயின் பறிப்பைக் கண்ணால் பார்க்கிறார். மறுநாள் காலை பனியன் கம்பெனி ஷிப்டுக்குத் திரும்பிவிடுகிறார். கப்பலூர் டோல்கேட் பக்கம் கவிழ்ந்த ஆம்னி பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் மீதிப் பேர் நாகர்கோவிலுக்கும் போய்விடுகிறார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு நிலத் தகராறு. கிரயம் எழுதியபோது உடனிருந்தவர் இப்போது துபாயில் இருக்கிறார். இப்படிப்பட்ட சாட்சிகளின் வாக்குமூலம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். தள்ளிப்போனதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே பிடிப்பார்: "சம்பவம் நடந்து இத்தனை நாள் ஏன் விசாரிக்கவில்லை?" வீடியோ விசாரணை கைகொடுக்கும் இடம் இதுதான். ஆனால் எல்லா வழக்குக்கும், எல்லா ஆளுக்கும் அது பொருந்தாது.

எதற்கு வீடியோ, எதற்கு நேர் என்று விசாரணை அதிகாரி முடிவெடுக்க ஒரு கேள்வி போதும். மறுமுனையில் அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் அறை யார் கையில் இருக்கிறது? அவர் கையிலேயே இருந்தால், அதாவது கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல், மனம்விட்டுப் பேச முடிந்தால், வீடியோ தாராளமாகப் போதும். வேறு யாராவது அந்த அறையை ஆள்கிறார்கள் என்றால், அது மாமியாரோ, மேஸ்திரியோ, எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பங்காளியோ, எவ்வளவு நல்ல கேமராவும் உதவாது. வண்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

நினைவைப் பொறுத்தவரை திரை பெரிய தடை இல்லை. வயது வந்த சாட்சிகளை வைத்துப் பல நாடுகளில் செய்த பரிசோதனைகளில், வீடியோவில் சொன்ன விவரத்துக்கும் நேரில் சொன்ன விவரத்துக்கும் அளவிலோ சரித்தன்மையிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பரிசோதனைகளில் மறுமுனை அறை அமைதியாக இருந்தது, கேள்விகளும் திறந்த கேள்விகளாக இருந்தன என்பதை மறக்கக்கூடாது. நம் ஊர் வீட்டுத் திண்ணையில் அந்த இரண்டும் தானாக அமையாது. நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் எதுவரை இடம் கொடுக்கிறது

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சாட்சியிடம் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கு ஸ்டேஷனில் இன்னும் "161 வாக்குமூலம்" என்றுதான் வாயில் வரும். இப்போது அது பிரிவு 180. அந்த வாக்குமூலத்தை ஒலி-ஒளி மின்னணு வழியிலும் பதிவு செய்யலாம் என்று பிரிவு 180(3) சொல்கிறது. "ஒலி-ஒளி மின்னணு வழி" என்றால் என்ன என்று பிரிவு 2 விளக்கும்போது வீடியோ கான்பரன்சிங்கையும் சேர்த்தே சொல்கிறது. வீடியோ விசாரணைக்கு அடித்தளம் இந்த இரண்டும்தான்.

சாட்சியை வரச்சொல்லும் அதிகாரம் பிரிவு 179, பழைய 160. இதில் மூன்று விஷயம் தினமும் தவறுகிறது.

முதலாவது, அது எழுத்து மூலமான உத்தரவாக இருக்க வேண்டும். "சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போம்மா" என்று போனில் சொல்வது உத்தரவு ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஆகாது: 35, 179, 195 ஆகிய பிரிவுகளின் நோட்டீஸை சட்டம் சொன்ன முறையில்தான் சார்பு செய்ய (உரியவரிடம் சேர்ப்பிக்க) வேண்டும், வாட்ஸ்அப் அதற்கு மாற்று இல்லை என்று உச்ச நீதிமன்றம் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே வீடியோ அழைப்புக்கு நேரம் கேட்டு அனுப்பும் குறுஞ்செய்தி ஒரு வேண்டுகோள் மட்டுமே. சாட்சி மறுத்தால் அதை வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது.

இரண்டாவது, இந்த உத்தரவு தன் ஸ்டேஷன் எல்லைக்கும் ஒட்டிய ஸ்டேஷன் எல்லைக்கும் உள்ளே இருப்பவரை மட்டுமே கட்டும். தல்லாகுளம் ஸ்டேஷனின் 179 உத்தரவு திருப்பூரில் இருப்பவரை மதுரைக்கு இழுக்காது. அதிகாரி அங்கே போக வேண்டும், அல்லது அவர் சம்மதத்தோடு வீடியோவில் பேச வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் சம்மதம் ஒன்றுதான் பிடிமானம்.

மூன்றாவது, 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச்சொல்ல முடியாது. அவர்களாக விரும்பி வந்தால் அனுமதிக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் 72 வயதுத் தாத்தாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு "அவரே வந்தார்" என்று எழுதுவதைவிட, அவர் பேரன் போனில் வீடியோ போடுவது சட்டத்துக்கும் நல்லது, அவர் முழங்காலுக்கும் நல்லது. பேரனை மட்டும் அறைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும்.

நேரில்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டியவை

குழந்தைகள். போக்சோ சட்டத்தின் பிரிவு 24 குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தக் குழந்தையின் வீட்டிலேயே எதிரி இருந்த வழக்குகள் எத்தனையோ. திரையில் ஒரு முகம் மட்டும் தெரியும். கதவுக்குப் பின்னால் நிற்கும் கால் தெரியாது.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர். வன்புணர்வு வழக்கில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 176, அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்கிறது. செல்போன் உட்பட ஒலி-ஒளிப் பதிவும் செய்யலாம். இங்கே பதிவுக்குத்தான் கருவி. ஆள் நேரில் இருக்க வேண்டும். அழுகை வரும்போது தண்ணீர் டம்ளரை நகர்த்திவைக்க ஒரு கை வேண்டும்.

எதிரி. பிரிவு 35(3) நோட்டீஸ் கொடுத்து வரவழைத்து நேரில் விசாரிப்பதே முறை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை பிரிவு 38-ல் இருக்கிறது, விசாரணை முழுக்கக் கூடவே உட்கார்ந்திருக்க அல்ல. போலீசிடம் சொன்ன ஒப்புதல் எப்படியும் சாட்சியம் ஆகாது. அவர் காட்டி, பொருள் கண்டெடுக்கப்பட்டால்தான் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். பொருளை வீடியோ அழைப்பில் கண்டெடுக்க முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. ஒரே தெருவில், ஒரே சாதி சனத்துக்குள், ஒரே கடனுக்குள் கட்டுப்பட்ட சாட்சி. கந்துவட்டி வழக்கில் கடன் வாங்கிய வேறொருவரை விசாரிக்கிறீர்கள் என்றால், அவர் வீட்டில் போன் அடிக்கும்போது யார் உடனிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. இவரை நேரில், ஊருக்கு வெளியே பாருங்கள்.

வங்கி மேலாளர், மருத்துவர், செல்போன் கடைக்காரர், விபத்தைப் பார்த்த பயணி, வெளியூரில் வேலை பார்க்கும் உறவினர், பத்திர எழுத்தர் இவர்களுக்கெல்லாம் வீடியோ நன்றாகவே வேலை செய்யும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இரண்டு நாள் பயணம் மிச்சம்.

போன் எடுக்கும் முன்பு சாட்சிக்குத் தரவேண்டிய உறுதி

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லி, போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பணம் பறிக்கும் கும்பலால், வீடியோ அழைப்பில் போலீஸ் என்றாலே மக்கள் நடுங்குகிறார்கள். நடுங்குவது நியாயம். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று எதுவும் கிடையாது. ஆகவே உண்மையான அதிகாரி தன்னை நிரூபித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

முந்தைய நாள் ஸ்டேஷன் தொலைபேசியிலிருந்து சாதாரணக் குரல் அழைப்பு செய்து, பெயர், பதவி, ஸ்டேஷன், குற்ற எண் நான்கையும் சொல்லுங்கள். "நான் சொன்ன நம்பரை நம்பாதீங்க, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஸ்டேஷன் நம்பரைப் பார்த்து நீங்களே திரும்பக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அவர் திரும்ப அழைத்த பிறகே நேரம் குறியுங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சாட்சியாக இருப்பவர் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்: பணம், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., திரைப் பகிர்வுச் செயலி இவற்றில் எதைக் கேட்டாலும் அது போலீஸ் இல்லை. "யாரிடமும் சொல்லாதே, கேமராவை அணைக்காதே" என்றாலும் இல்லை. உடனே அழைப்பைத் துண்டித்து 1930-க்குச் சொல்லுங்கள்.

ஏற்பாடு

முந்தைய நாள், அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து 5 நிமிடச் சோதனை அழைப்பு செய்யுங்கள். "அதே நேரம்" முக்கியம். காலை 11 மணிக்குத் தெளிவாக இருக்கும் சிக்னல் ராத்திரி 8 மணிக்கு ஊரே யூடியூப் பார்க்கும்போது திணறும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பக்கமும் சாட்சி பக்கமும் இல்லையென்று நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்; மின்சாரம் போனால் வைஃபையும் போகும். ஆடி மாதம் என்றால் கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செயலி விஷயத்தில் இரண்டு பொறிகள். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சாட்சி முக்கியமான இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் அந்த ஓட்டம் திரும்ப வராது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். வளைகுடாவில் தொழிலாளர் முகாமில் ஒரே அறையில் பல பேர் தங்குவார்கள், தனியாகப் பேச இடமே இருக்காது. நிறுத்திவைத்த கார் நல்ல மாற்று: சத்தம் இல்லை, கதவு நான்கும் மூடியிருப்பது கேமராவில் தெரியும்.

பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் திரையைப் பதிவு செய்தால் படம் வரும், எதிர்முனைக் குரல் வராது. நீங்கள் காதில் இயர்போன் மாட்டியிருந்தால் மேசைமேல் வைத்த ரெக்கார்டருக்கு உங்கள் குரல் மட்டும்தான் கேட்கும்; சாட்சி ஊமையாகிவிடுவார். ஸ்டேஷனில் தனி அறை, ஸ்பீக்கரில் குரல், மேசையில் இரண்டாவது ஒலிப்பதிவுக் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரா காவலரும் எழுத்தரும் அந்த அறை வழியே நடக்கக்கூடாது. சாட்சி பக்கம் கம்பி வைத்த இயர்போன் நல்லது, கேள்வி வீட்டாருக்குக் கேட்காது.

கேமராவை கண் மட்டத்தில் வையுங்கள். மடியில் வைத்த போன் சாட்சிக்கு உங்கள் மூக்குத் துவாரத்தையும் மின்விசிறியையும்தான் காட்டும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் நிழலாகிவிடும். சாட்சி பேசும்போது திரையை விட்டு லென்ஸைப் பாருங்கள். திரையைப் பார்த்தால் கீழே குனிந்து வேறு ஏதோ படிப்பதாக அவருக்குத் தோன்றும். குறிப்பு எழுதக் குனிவதாக இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்: "நான் எழுதிக்கிறேன்யா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அழைப்பு தொடங்கியதும்

தேதி, மணி, குற்ற எண், இரு முனையிலும் யார் யார், எந்த ஊர் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிவு செய்யப்படுகிறது என்று சொல்லிச் சம்மதத்தை அவர் வாயால் கேளுங்கள். பிறகு போனை மெதுவாக ஒரு சுற்று சுற்றி அறை முழுக்க, கதவு உட்பட, காட்டச் சொல்லுங்கள். நடுவில் அவர் எழுந்துபோய் வந்தால் மறுபடியும் ஒரு சுற்று. அதிகாரி பக்கத்து அறையையும் இதேபோலச் சுற்றிக் காட்டிவிட்டால் சாட்சிக்கு இது அவமானமாகத் தோன்றாது.

அடையாள அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்வார்கள். அங்கே ஒரு ஆபத்து. வாக்குமூலத்தின் நகல் எதிரிக்குப் போகும். பிரிவு 230-ன்படி அவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் பதிவில் இருந்தால் அவையும் சேர்ந்தே போகும். அட்டையைப் பதிவு தொடங்கும் முன் பார்த்துவிட்டு, "அடையாளம் சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் பதிவில் சொல்லுங்கள். சாட்சிக்குப் பின்னால் குழந்தையின் பள்ளிச் சீருடையோ கடைப் பலகையோ தெரிந்தால் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும் விதம்

அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிஷரும் கெய்சல்மனும் 1980களில் உருவாக்கிய நினைவு மீட்பு நேர்காணல் முறை இன்றும் உலகெங்கும் சாட்சி விசாரணைக்கு அடிப்படை. சுருக்கமாக: சம்பவ இடத்துக்கு மனத்தால் திரும்பச் சொல்வது, குறுக்கிடாமல் முழுவதும் சொல்லவிடுவது, தனக்குச் சின்னதாகத் தோன்றுவதையும் சொல்லச் சொல்வது, பிறகே குறிப்பான கேள்விகளுக்குப் போவது. வீடியோவில் இதில் கெடுவது குறுக்கிடாமை. அலைபேசி இணைப்பில் குரல் சற்றுத் தாமதித்தே வரும்; சாட்சி மூச்சு விடும் இடைவெளியை நாம் முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவோம். இரண்டு குரலும் மோதி, அவர் சொல்லவந்ததை விழுங்கிவிடுவார். பதில் நின்றதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அந்த மூன்றில்தான் பல நேரம் "அப்புறம் இன்னொண்ணு..." என்று வரும். "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நேரில் அது ஊக்கம்; வீடியோவில் அது சாட்சியின் குரலை வெட்டும். தலையை மெல்ல அசைத்தால் போதும்.

இனி மதுரைத் தமிழில் வரும் சிக்கல். நேரில் ஒருவர் "அங்கிட்டு இருந்து வந்தான், இங்கிட்டு ஓடிட்டான்" என்றால் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். வீடியோவில் அந்தக் கை திரைக்கு வெளியே போய்விடும். தெரிந்தாலும் நம்ப முடியாது: போனில் அவருக்குத் தெரியும் தன் உருவம் கண்ணாடிபோல இடம் வலம் மாறியிருக்கும், உங்களுக்குத் தெரிவது மாறாமல் இருக்கும். தன் படத்தைப் பார்த்துக்கொண்டே கை காட்டினால் அவரே குழம்புவார். ஆகவே கையை விட்டுவிட்டு நிலையான அடையாளத்தைப் பிடியுங்கள்: "தெப்பக்குளத்தைப் பார்த்து நின்னா, அது உங்க சோத்தாங்கைப் பக்கமா பீச்சாங்கைப் பக்கமா?" சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கேட்டால் படிக்காதவரும் தடுமாறமாட்டார், வலது, இடது என்றால் பட்டதாரிகூட ஒரு நொடி யோசிப்பார்.

உறவுச் சொற்களும் அப்படித்தான். "எங்க மச்சான் கூட இருந்தாரு" என்றால் அது மனைவியின் தம்பியா, அத்தை மகனா, வெறும் நண்பனா? "மருமகன்" என்றால் மகளின் கணவனா, அக்கா மகனா? சொன்ன சொல்லை அப்படியே எழுதி, அடுத்து "யாருக்கு யார்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். "மசங்குற நேரம்", "வெள்ளன", "விடியக்காலம்" இவற்றையும் மாற்றாமல் எழுதுங்கள். பிறகு கடிகாரத்தோடு கட்ட ஒரு முளை தேடுங்கள்: தெருவிளக்கு எரிந்துவிட்டதா, ஊருக்கு வரும் கடைசி டவுன் பஸ் போய்விட்டதா, கடையில் பால் வந்துவிட்டதா.

வரைந்து காட்டச் சொல்வது வீடியோவில் நன்றாகவே நடக்கும். ஒரு தாளும் பேனாவும் முன்கூட்டியே வைத்திருக்கச் சொல்லி, போனைச் சாய்த்து, அவர் வரையும் கையையே காட்டச் சொல்லுங்கள். வரைந்துகொண்டே பேசும்போது மறந்தது திரும்ப வரும். தாளை ஸ்பீடு போஸ்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து கேட்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சந்தேக நபரின் போட்டோவைத் திரையில் பகிர்ந்து "இவன்தானே?" என்று கேட்பது. பிரிவு 54-ன்கீழ் பின்னால் நீதித்துறை நடுவர் முன் அடையாள அணிவகுப்பு வைக்கும்போது அது பாழாகிப்போகும்; முன்பே படத்தைக் காட்டிவிட்டார்கள் என்று ஒரு வரியில் உடைத்துவிடுவார்கள். மாறாக, அவர் அந்த முகத்தை ஏற்கெனவே டிவியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பார்த்தாரா என்று கேட்டு, பார்த்திருந்தால் எப்போது, எதில் என்பதைப் பதிவு செய்யுங்கள். சி.சி.டி.வி. காட்சியைக் காட்டவேண்டியிருந்தால், அவர் நினைவிலிருந்து முழுக்கச் சொல்லி முடித்த பிறகு மட்டும் காட்டுங்கள். முன்னாடியே காட்டினால் நீங்கள் கேட்பது கேமராவின் நினைவு.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் வழக்குகள் இப்போது கூடுகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளி விபத்தில் சாட்சி என்றால் அவரைக் கூட்டிவந்த மேஸ்திரியே "நான் சொல்றேன் சார்" என்று முன்வருவார். அந்த விபத்துக்கு அவரே பொறுப்பாளியாக இருக்கலாம். வேறு ஊரில் இருக்கும் தொடர்பில்லாத ஒருவரை மூன்றாவது முனையாக இணைப்பது வீடியோவின் பெரிய வசதி. நேரில் போனால் இந்த ஆள் கிடைக்கமாட்டார். சைகை மொழி பேசுபவர் என்றால் போனை இடுப்பு வரை தெரியும்படி தூரத்தில் நிறுத்த வேண்டும், இரண்டு கையும் திரைக்குள் இருக்க வேண்டும், இணைப்பு வேகமும் நன்றாக இருக்க வேண்டும். விரல் அசைவு மங்கினால் வார்த்தையே மாறிவிடும்.

40 நிமிடத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் இடைவேளை விடுங்கள். திரையில் பேசுவது நேரில் பேசுவதைவிடச் சீக்கிரம் களைக்கவைக்கும், களைத்த சாட்சி "ஆமா சார், ஆமா சார்" என்று ஒத்துக்கொண்டே போவார்.

லைன் அறுந்தால்

அறுந்த மணியைச் சொல்லிப் பதிவை நிறுத்துங்கள். மீண்டும் இணைந்ததும் புதுக் கோப்பு, மணி, அறைச் சுற்று, பிறகு "எது வரை சொன்னீங்க?" இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "அவன் கத்தியை எடுத்தான்னு சொல்லிட்டு இருந்தீங்க" என்று நாமே எடுத்துக்கொடுத்தால், நேற்றுவரை அரிவாளாக இருந்தது கத்தியாகிவிடும். கோப்புகளை ஒட்டி ஒன்றாக்காதீர்கள். 1, 2, 3 என்று தனித்தனியே இருக்கட்டும். மூன்று முறைக்கு மேல் அறுந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அரைகுறையாக முடித்த வாக்குமூலம் சாட்சியைக் கூண்டில் தனியாக விட்டுவிடும்.

நேரில் போகும்போது

நேரில் என்பதாலேயே அறை நம் கைக்கு வந்துவிடாது. கிராமத்தில் ஜீப் நின்றாலே ஊர் கூடிவிடும். மந்தையில் நாற்காலி போட்டு விசாரித்தால் சாட்சி பேசுவது ஊருக்காகத்தான். சீருடை இல்லாமல் இருசக்கர வண்டியில் போங்கள். வீட்டில் பெரியவர்களிடம் முதலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அப்பத்தா, இவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பேசணும்" என்று கேட்டுத் தனியிடம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதன் வராண்டா, வி.ஏ.ஓ. அலுவலகம், தோட்டத்து மோட்டார் ரூம் எதுவும் சரி.

ஸ்டேஷனில் என்றால் மேசையை நடுவில் போட்டு எதிரெதிராக உட்காராதீர்கள். கடிகாரத்தில் 10-க்கும் 2-க்கும் உட்கார்ந்ததுபோல நாற்காலிகளைச் சாய்த்துப் போட்டால், பார்க்க விரும்பும்போது பார்க்கலாம், கண்ணை விலக்கவும் முடியும். கதவுப் பக்கம் சாட்சிக்கு. உங்கள் போன் அணைந்திருக்கட்டும். இன்ஸ்பெக்டர் அறை உட்பட ஸ்டேஷன் முழுக்கக் குரல் பதிவோடு சி.சி.டி.வி. இருக்க வேண்டும், 18 மாதம் பதிவு காக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உத்தரவிட்டிருக்கிறது. சாத்தான்குளம், திருப்புவனம் காவல் மரணங்கள் நடந்த மண்டலம் இது. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் தயங்கி நின்றால் அதற்குக் காரணம் உண்டு. கேமரா எங்கே இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டு உட்காரவைப்பது அந்தத் தயக்கத்துக்குத் தரும் குறைந்தபட்ச மரியாதை. சம்மன் செய்யப்பட்டு வந்தவருக்குப் பயணச் செலவு கொடுக்கவும் பிரிவு 179 இடம் வைத்திருக்கிறது. எவரும் கேட்பதில்லை என்பதால் கொடுக்கப்படுவதும் இல்லை.

எழுதுவதும் சேமிப்பதும்

வீடியோ இருக்கிறதே என்று எழுதாமல் விடாதீர்கள். ஒவ்வொரு சாட்சிக்கும் தனித்தனியாக, அவர் சொன்ன சொல்லில், பதிவைக் கேட்டு எழுதுங்கள். அன்றே வழக்கு நாட்குறிப்பில் அழைப்பின் தொடக்க, முடிவு மணி, எந்தச் செயலி, அறுந்த நேரங்கள் எல்லாம் ஏறட்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் கையெழுத்தோ மின்கையெழுத்தோ வாங்கக் கூடாது. பிரிவு 181 அதைத் தடுக்கிறது. அதே பிரிவின்படி இந்த வாக்குமூலம் பெரும்பாலும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதோடு முரண்படுத்திக் காட்டத்தான் பயன்படும். மற்றபடி பயன்பட வேண்டிய வாக்குமூலம் என்றால், சாட்சி பிறழ்வார் என்ற அச்சம் இருந்தால், பிரிவு 183-ன்கீழ் நடுவர் முன் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

கோப்பு முடிந்த உடனே, வேறெதுவும் செய்யும் முன், அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எச்.ஏ.-256 என்றால் 64 எழுத்து வரும். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, செர்ட்யூடில் என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. அந்த மதிப்பைத் தாளில் எழுதி, தேதி போட்டு நாட்குறிப்பில் வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63(4) சான்றிதழ் இந்த ஹாஷைக் கேட்கிறது. அதில் முதல் பகுதியைக் கருவி யார் வசம் இருந்ததோ அவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் எடுக்கும் முன் அந்தக் கோப்பை மேலதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனிலிருந்து அழித்துவிட்டு, அவர் போனில் இருப்பதையே அசல் என்று கொண்டுவந்தால் எல்லாம் போச்சு. வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பும்போது கோப்பைச் சுருக்கிவிடும். படம் ஒன்றுபோலத் தெரியும், ஹாஷ் வேறாகிவிடும்.

அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 450 எம்.பி. போன் கேமராவில் உயர்தரத்தில் நேரடியாகப் பதிவு செய்தால் சில ஜி.பி. ஆகும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. "இடம் இருக்கு, ஆனா ஏற மாட்டேங்குது" என்று எழுத்தர் தலையைச் சொறிவதற்கு இதுதான் காரணம். எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்துவிட்டு ஏற்றுங்கள், கோப்பை வெட்டாதீர்கள். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று முத்திரையிட்டு நீதிமன்றத்துக்கு, மற்றொன்று வழக்குக் கட்டுக்கு. கருவி யாரிடமிருந்து யாரிடம் எப்போது போனது என்ற வரிசையைப் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 193-ன் இறுதி அறிக்கை கேட்கிறது. அதை அன்றன்றைக்கே எழுதிவந்தால் கடைசி வாரத்தில் யாரும் நினைவிலிருந்து புனைய வேண்டியிருக்காது.

இரண்டு நாள் கழித்து சாட்சி கூப்பிட்டு "சார், அன்னைக்கு ஒண்ணைச் சொல்ல மறந்துட்டேன்" என்பார். நல்ல விசாரணைக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும். பழைய வாக்குமூலத்தில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். புதுத் தேதியில், புதுக் கோப்பில், கூடுதல் வாக்குமூலம் என்று தலைப்பிட்டு, முதலில் அந்த அறையை ஒரு சுற்று காட்டச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.